வாசல்ல தொங்கவிட கிறிஸ்துமஸ் ரீத், பிளாஸ்டிக் இல்லாம வீட்லயே கட்டணும், யோசனை சொல்லுங்க

லாஸ்பேட்டைக்காரி | நவம்பர் 14, இரவு 9.40

வணக்கம் மக்களே. சண்டே மார்க்கெட்ல வாங்கின பிளாஸ்டிக் ரீத் ரெண்டு வருஷம் தொங்குச்சு, பச்சை ஜிகினா கொட்டி கொட்டி இப்ப வெறும் கம்பி தான் மிச்சம். இந்த தடவை நம்ம ஊர் இலைதழையிலயே கட்டலாம்னு ஆசை.

2024லயே ஒரு தடவை கட்டினேன், அந்தக் கதையைக் கேளுங்க. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி கரையேறுச்சா, மறுநாள் டிசம்பர் 1 தான் திருவருகைக் காலத்து (கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம்) முதல் ஞாயிறு, தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி, கரண்ட் இல்ல, எங்க பார்த்தாலும் சவுக்கு கிளை ஒடிஞ்சு கிடக்கு, சரி இதையாவது கட்டுவோம்னு மெழுகுவத்தி வெளிச்சத்துல உக்காந்து அட்டைப்பெட்டியை வட்டமா வெட்டி செல்லோடேப் போட்டு சுத்தி மாட்டினேன். மூணே நாள், அட்டை ஊறி அப்பளம் மாதிரி வளைஞ்சு விழுந்துருச்சு. அது கூட பரவால்ல, விழுறதுக்கு முன்னாடி நாள் எதிர்வீட்டு ஆயா வந்து கதவைத் தட்டி ரொம்ப மெதுவா "யாரும்மா தவறிட்டாங்க, ஒரு வார்த்தை சொல்லலையே"ன்னு கேட்டுச்சு. நான் முழிச்ச முழி எனக்கு தான் தெரியும்.

அதனால கேள்வி மூணு. வளையத்துக்கு அடியில எதை வைக்கிறது, மழைக்காத்துல எது தாங்கும். எந்த தழை கிறிஸ்துமஸ் வரைக்கும் நிக்கும். அப்புறம் ஆயாவை எப்படி சமாளிக்கிறது.

மஞ்சக்குப்பம்_மச்சான் | நவம்பர் 14, இரவு 10.05

அக்கா ஆயா மேல தப்பே இல்ல. நம்ம ஊர்ல ரீத்னா தலைவர் சமாதி, மலர் வளையம்னா ஐஸ் பெட்டி. நானும் போன வருஷம் பூக்கடையில போய் "அண்ணே ஒரு ரீத் கட்டித்தாங்க"ன்னு கேட்டேன், அவரு முகத்தை சோகமா வச்சுக்கிட்டு "வயசு என்ன தம்பி"ன்னாரு. கிறிஸ்துமஸுக்கு அண்ணேன்னு சொன்னதும் சிரிச்சுட்டு வைக்கோலை சுத்தி வச்சிருந்த வளையம் ஒண்ணை சும்மாவே குடுத்தாரு, ஆனா அது ரொம்ப பெருசு, எங்க வீட்டு கதவு தாங்காது.

பேரை மாத்துங்க, பாதி பிரச்சனை தீரும்.

ஓட்டி_அக்கா | நவம்பர் 14, இரவு 10.31

அடிக்கு அட்டையெல்லாம் எதுக்கு, பிரிமணை வாங்குங்க. பானை உருளாம இருக்க கீழ வைப்பாங்களே, அதான். வைக்கோல் பிரி, தென்னை நார் ரெண்டுலயும் கிடைக்குது, பானைக்கடையில கேளுங்க. நான் கடலூர் ஓ.டி. (பழைய டவுன்), எங்க பக்கம் பெரிய அண்டாவுக்கு வைக்கிற சைஸ் 60 ரூபாய்க்கு வாங்கினேன். வட்டம் ரெடி, கனம் இல்ல, நடுவுல ஓட்டை ரெடி, கம்பியை எங்க வேணா சொருகலாம். தென்னை நார்ல வாங்குங்க, வைக்கோல் இந்த ஈரத்துக்கு பூஞ்சை பிடிக்கும்.

சைஸ் முக்கியம். வெளி வட்டம் ஒரு அடியாவது இருக்கணும். முதல் வருஷம் நான் 8 இஞ்ச்ல கட்டினேன், தழை உள்பக்கமும் உப்பி வந்து ஓட்டையே மூடிப்போச்சு, வாசல்ல ஒரு பெரிய பச்சை உளுந்து வடை தொங்கின மாதிரி, என் வீட்டுக்காரர் இன்னும் அதை சொல்லியே ஓட்றாரு.

சவுக்குத்தோப்பு | நவம்பர் 15, காலை 6.12

சவுக்கைப் பத்தி கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், எங்க குடும்பமே ரெண்டு தலைமுறையா சவுக்கு போட்டு வெட்டுற குடும்பம்.

எல்லாரும் ஊசி இலைன்னு நினைக்கிறீங்களே அது இலையே கிடையாது, மெல்லிசு தண்டு. இலை எங்கன்னா ஒவ்வொரு கணுவுலயும் சுத்தி ஏழெட்டு குட்டி செதில் இருக்கும், உத்துப் பார்த்தா தெரியும், அதான் இலை. சின்ன வயசுல எல்லாரும் விளையாடிருப்பீங்க, ஊசியை ஒரு கணுவுல இழுத்து மறுபடி சொருகிட்டு "எங்க ஒடிச்சேன் சொல்லு"ன்னு. அதே கணு தான் உங்க ரீத்துக்கு எமன். காய்ஞ்சா ஒவ்வொரு கணுவா கழண்டு கொட்டும், வாசப்படி பூரா பொடி. அதனால காய விடாம பார்த்துக்கணும்.

வெட்டின உடனே கட்டாதீங்க. அடிக்காம்பை சாய்வா வெட்டி ஒரு ராத்திரி முழுக்க பக்கெட் தண்ணியில நிக்க வைங்க. நல்லா குடிச்சுட்டு வந்தா பத்து நாள் பச்சையா நிக்கும், வெளியில நிழல்ல தொங்குனா கூட ரெண்டு நாள் சேர்த்து. சாயந்தரம் ஸ்ப்ரே அடிங்க. ஃபேனுக்கு கீழ மாட்டினா நாலாம் நாளே போச்சு. அதாவது டிசம்பர் முதல் வாரமே கட்டிட்டு 25 வரைக்கும் அப்படியே நிக்கும்னு எதிர்பார்க்காதீங்க, நடுவுல ஒரு தடவை தழையை மட்டும் மாத்தணும், பிரிமணை அப்படியே இருக்கட்டும்.

எங்க கிடைக்கும்னா, சவுக்கு வெட்டுற இடத்துல கழி சாரத்துக்கும் பேப்பர் மில்லுக்கும் போயிடும், மிளாறு, அதான் சின்ன சின்ன கிளை, மிச்சம் கிடக்கும், ஒரு கட்டு சும்மாவே எடுத்துக்க சொல்வாங்க. கடற்கரையில நிக்கிற மரத்தை மட்டும் ஒடிக்காதீங்க, சுனாமிக்கு அப்புறம் காத்துக்கும் அலைக்கும் தடுப்பா வச்சது நிறைய அங்க.

கூரோன்_பேரன் | நவம்பர் 15, காலை 8.50

எங்க பாட்டி இதை ரீத்னு சொன்னதே இல்ல, பிரெஞ்சுல கூரோன்னு தான் சொல்வாங்க, தாத்தா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவர். டிசம்பர்ல வாசல்ல ஒரு கூரோன், அடுப்படியில விவிகம் கேக்குக்கு ரம்முல ஊறுற திராட்சை, ரெண்டும் இருந்தா தான் வீட்ல நோயல், அதான் கிறிஸ்துமஸ், வந்த மாதிரி. பாட்டி சவுக்கு கூட மரிக்கொழுந்து வைப்பாங்க. அது காய்ஞ்சா தான் வாசம் ஜாஸ்தி.

ஆனா ஒண்ணு, பாண்டி பீச் ரோட்டுல பிரெஞ்சு போர் நினைவுச்சின்னத்துல ஜூலை 14 வைக்கிறாங்களே அதுவும் கூரோன் தான். அதனால பேரை மாத்தினாலும் ஆயாவோட சந்தேகத்துக்கு பிரெஞ்சுலயும் இடம் இருக்கு :)

நேர்படப்பேசு | நவம்பர் 15, மதியம் 1.15

எல்லாம் சரி, எனக்கு ஒண்ணு புரியல. மாவிலை தோரணம்னு அழகா ஒண்ணு நம்மகிட்ட இருக்கு, அதைக் கட்டினா ஆயாவும் கேக்காது ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பனி பெய்யுற ஊர்க்காரன் குளிருல பச்சை இலை கிடைக்காம ஃபிர் கிளையை கதவுல மாட்டினான், இங்க மார்கழியில எல்லாமே பச்சையா தானே இருக்கு, நாம எதுக்கு அவனை காப்பி அடிக்கணும்.

லாஸ்பேட்டைக்காரி | நவம்பர் 15, மதியம் 1.40

அண்ணா தோரணமும் கட்டுவேன், அது நிலைக்கு மேல, இது கதவுல. சண்டை வேணாம்.

சவுக்குத்தோப்பு | நவம்பர் 15, மதியம் 2.02

அந்நியம்னு பார்த்தா சவுக்கே வெளியூர் தாங்க, ஆஸ்திரேலியா பக்கத்து மரம், வெள்ளைக்காரன் காலத்துல 1800கள்ல ரயில் எஞ்சினுக்கு விறகு வேணும்னு இந்தக் கரையோரம் நட்டாங்க. மிளகாயும் அப்படித்தான், கப்பல்ல வந்தது. இப்ப மிளகாய் இல்லாம குழம்பு வச்சுக் காட்டுங்க.

டேனிஷ்மிஷன்_ஸ்டூடண்ட் | நவம்பர் 15, மாலை 6.30

ரெண்டு விஷயத்தை போட்டு குழப்புறீங்க எல்லாரும். கதவுல தொங்குற வளையம் வேற, மேஜையில படுக்க வச்சு மெழுகுவத்தி ஏத்துற அட்வென்ட் (திருவருகைக் கால) வளையம் வேற. ரெண்டாவதோட கதை தெரியும். 1839ல ஹாம்பர்க்ல யோஹான் ஹின்ரிக் விகெர்ன்னு ஒரு லுத்தரன் போதகர், ஏழைப் பிள்ளைங்களுக்கு இல்லம் நடத்தினவர், பசங்க தினமும் "கிறிஸ்துமஸ் வந்துருச்சா வந்துருச்சா"ன்னு நச்சரிக்க, ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து 20 சின்ன சிவப்பு மெழுகுவத்தியும் 4 பெரிய வெள்ளை மெழுகுவத்தியும் நட்டு, நாளைக்கு ஒண்ணு ஏத்தி, ஞாயித்துக்கிழமைன்னா பெருசை ஏத்தினாராம். அதுல பச்சை தழை சுத்துனதெல்லாம் பிற்பாடு வந்தது. நாளை எண்ண சொல்லிக்குடுக்குற சாமான் அது.

நாங்க கடலூர் ஆற்காடு லுத்தரன் சபை, டென்மார்க் மிஷனரிங்க வழி வந்தது, எங்க வீட்ல நாலு ஞாயித்துக்கு வைக்கிற நாலு மெழுகுவத்தியும் வெள்ளை. ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீடுங்கள்ல மூணு ஊதா ஒரு ரோஸ், மூணாவது ஞாயிறு ரோஸ்.

நேர்படப்பேசு | நவம்பர் 15, மாலை 6.58

வண்டிச் சக்கரம்னு சொன்னீங்க பாருங்க, அது பிடிச்சிருக்கு. சரி, வாபஸ்.

லாஸ்பேட்டைக்காரி | நவம்பர் 16, காலை 10.20

பிரிமணை கிடைச்சிருச்சு ஓட்டி அக்கா! பெரிய மார்க்கெட் பக்கம் பானைக்கடையில, தென்னை நார், சரியா ஒரு அடி. இப்ப கட்டுறது எப்படி, கிளையை அப்படியே வளைச்சு சுத்தணுமா, அப்புறம் எதால கட்டுறது, செங்கல் வேலைக்காரங்க வச்சிருக்க கட்டுக்கம்பி வீட்ல கிடக்கு.

ஓட்டி_அக்கா | நவம்பர் 16, காலை 11.05

நீள கிளையை சுத்தாதீங்க, கோணலா நிக்கும். ஒரு சாணுக்கு கொஞ்சம் கம்மியா நறுக்கி, அஞ்சாறு துண்டை சேர்த்து சின்ன சின்ன கத்தையா கட்டி வச்சுக்கோங்க. கணக்கு சொல்றேன், ஒரு அடி வட்டத்துக்கு சுத்தளவு 38 இஞ்ச் கிட்ட வரும், ஒன்றரை இஞ்சுக்கு ஒரு கத்தைன்னு வச்சா 25 கத்தை, கைவசம் 30 வச்சுக்கிட்டு உக்காருங்க, பாதியில எழுந்து போய் நறுக்கினா கட்டு லூஸாயிடும்.

முதல் கத்தையை வச்சு காம்பு மேல மூணு சுத்து இறுக்குங்க, நூலை அறுக்காதீங்க. அடுத்த கத்தையோட தலை முதல் கத்தையோட காம்பை மூடணும், மறுபடி மூணு சுத்து. பூ கட்டத் தெரிஞ்சவங்களுக்கு இது ஒண்ணுமே இல்ல, சரம் தொடுக்குற அதே கை தான், ஆனா எல்லா தலையும் ஒரே பக்கம் பார்க்கணும். ஒண்ணை உள்பக்கம் சாய்ச்சு, ஒண்ணை நேரா, ஒண்ணை வெளிப்பக்கம் சாய்ச்சுன்னு மாத்தி மாத்தி வைங்க, அப்ப தான் பிரிமணை தெரியாம மூடும். கடைசி கத்தை தான் தொல்லை, முதல் கத்தையோட தலையைத் தூக்கிப் பிடிச்சு அதுக்கு அடியில சொருகணும், இதுக்கு இன்னொரு கை வேணும், யாரையாவது கூப்பிடுங்க.

காயில்கடை | நவம்பர் 16, மதியம் 12.44

மேடம் கட்டுக்கம்பி வேணாம் மேடம். உப்புக்காத்து ஊரு, ரெண்டே நாள்ல துரு ஏறி வெள்ளை பெயிண்ட் அடிச்ச கதவுல சிவப்பா கோடு இறங்கும், துடைச்சா போகாது, பட்டவன் சொல்றேன். நான் மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்கேன், எரிஞ்ச மோட்டார்ல உருவின பழைய காப்பர் கம்பி கிலோ கணக்குல கிடக்கும், பக்கத்துல எந்த காயில் கட்டுற கடையில கேட்டாலும் ஒரு முழம் ரெண்டு முழம் சும்மா தருவாங்க. மெல்லிசு, கையில வளையும், துருவும் ஏறாது. கம்பியே வேணாம்னா வாழை நார், தண்ணியில ஊற வச்சு கட்டுங்க, ஆனா காய்ஞ்சா சுருங்குறது நாரு மட்டும் இல்ல, தழையும் தான், அதனால கட்டு எப்படியும் தளரும்.

வெட்டிவேர்_வாசம் | நவம்பர் 16, மாலை 4.10

யாரும் வெட்டிவேரைப் பத்தி பேசலையே. நம்ம கடலூர் மாவட்டத்துல கடலோர மணல்ல வெட்டிவேர் போடுறாங்க, வேரை அலசி சிடுக்கு எடுத்து ஜடை மாதிரி பின்னி பிரிமணை மேல ஒரு சுத்து சுத்திட்டு அதுக்கு மேல பாதி வட்டத்துக்கு மட்டும் தழை கட்டிப் பாருங்க. மழைக்காத்து பட்டா போதும், கதவைத் திறக்கும்போதெல்லாம் வாசம். ஜனவரிக்கு அப்புறம் தழையை உருவிட்டு வேரை பீரோவுல போட்டுக்கலாம். ஒரே ஒரு குறை, பழுப்பு நிறம், பக்கத்துல சிவப்பு ஏதாவது வேணும்.

பூந்தோட்டம்76 | நவம்பர் 16, மாலை 5.25

சிவப்புக்கு குன்றிமணி! எங்க வேலியில கொத்து கொத்தா வெடிச்சு நிக்குது, அப்படியே காம்போட சொருகினா என்னா அழகு தெரியுமா.

சின்னடாக்டர்_அம்மா | நவம்பர் 16, மாலை 5.41

பூந்தோட்டம், வீட்ல குழந்தை இருந்தா வேண்டவே வேண்டாம். பிள்ளையாருக்கு கண்ணு வைக்கிறது தானேன்னு எல்லாரும் சாதாரணமா நினைக்கிறோம், உள்ள இருக்கிறது அப்ரின்னு கடுமையான விஷம். முழுசா முழுங்கினா மேல் தோல் கெட்டிங்கிறதால பல சமயம் அப்படியே வெளிய போயிடும், ஆனா கடிச்சாலோ, கோர்க்கிறதுக்கு ஊசியால ஓட்டை போட்டதை வாயில வச்சாலோ ஆபத்து. கதவுல தொங்குறது, ஒவ்வொண்ணா கீழ உதிரும், தவழுற பிள்ளை கையில முதல்ல மாட்டுறது அதான். அரளிக் கிளையும் வேணாம், மஞ்சள் அரளிக் காயும் வேணாம்.

முழு சிவப்பா இருக்குமே ஆனைக்குன்றிமணி, மஞ்சாடின்னு சொல்வாங்க, அதை கோந்து வச்சு ஒட்டலாம், ஆனா அதையும் பச்சையா வாயில போடுற சாமானா நினைக்காதீங்க.

மஞ்சக்குப்பம்_மச்சான் | நவம்பர் 16, இரவு 8.15

காய்ஞ்ச குண்டு மிளகாய் வைக்கலாமே, பளபளன்னு இருக்கும், எறும்பும் வராது.

ஓட்டி_அக்கா | நவம்பர் 16, இரவு 8.22

வை தம்பி. கூடவே ஒரு எலுமிச்சம்பழமும் கட்டு. ரீத்தும் ஆச்சு திருஷ்டியும் ஆச்சு.

லாஸ்பேட்டைக்காரி | நவம்பர் 17, இரவு 7.50

ஹாஹா. ஆரஞ்சுப் பழத்தை வட்டமா நறுக்கி காய வச்சு மாட்டுறாங்களே வீடியோல எல்லாம், அது நம்ம ஊர்ல நடக்குமா? மாடியில காயப்போட்டேன், மழை வந்து ரெண்டாம் நாளே பச்சையா பூஞ்சை.

கூரோன்_பேரன் | நவம்பர் 17, இரவு 8.35

வத்தல் போடுறது மாசி பங்குனி வேலை, ஐப்பசி கார்த்திகையில மாடியை நம்பக்கூடாது. ஓவன்ல தான் முடியும். கமலா ஆரஞ்சு வேணாம், தோல் கழண்டுரும், ஒட்டின தோலா வர்ற பெரிய ஆரஞ்சு வாங்கி கால் இஞ்ச் கனத்துல நறுக்கி, துணியில ஒத்தி ஈரம் எடுத்துட்டு, 90, 100 டிகிரியில மூணு நாலு மணி நேரம், நடு நடுவுல திருப்பிப் போடணும். அவசரப்பட்டு 150 வச்சா ஓரம் கருகி நடு கொழகொழன்னு இருக்கும். கேஸ் செலவைப் பார்த்தா கட்டுப்படி ஆகாதுங்க, நான் ஒரு தடவை செஞ்சேன், ரெண்டு நாள்ல எறும்பு சாரை சாரையா கதவேறி வந்துச்சு. பட்டை, அன்னாசிப்பூ ரெண்டும் கட்டுங்க, பிரியாணி சாமான் தானே, வேலை முடிஞ்சுது.

கொங்குமருமகள் | நவம்பர் 17, இரவு 9.12

நான் ஈரோட்டுப் பக்கம், கல்யாணம் ஆகி பாண்டிக்கு வந்தவ. எங்க ஊர்ல பொங்கலுக்கு காப்புக் கட்டுவோமுங்க, வேப்பிலை, ஆவாரம்பூ கூட பூளைப்பூ வச்சு. அந்த பூளைப்பூ இங்கயும் காலி மனையில எல்லாம் களையா முளைச்சு கிடக்குது. வெள்ளையா பஞ்சு மாதிரி, காய்ஞ்சாலும் நிறம் மாறாது. சவுக்கு நடுவுல சொருகினா பனி விழுந்த மாதிரியே இருக்கும், தெர்மாகோலை சீவித் தூவுறதுக்கு இது எவ்வளவோ மேலுங்க.

லாஸ்பேட்டைக்காரி | நவம்பர் 17, இரவு 9.20

ஐயோ சூப்பர் அக்கா, இது எனக்கு தோணவே இல்ல!!

டேனிஷ்மிஷன்_ஸ்டூடண்ட் | நவம்பர் 18, காலை 7.30

மேஜை வளையம் வைக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. சவுக்கு பச்சையா இருந்தாலே எரியுற ஜாதி, மிளாறை எதுக்கு அடுப்பு பத்த வைக்க வாங்குறோம்னு யோசிங்க. அதுக்கு நடுவுல நாலு மெழுகுவத்தி நட்டு ஏத்திட்டு ஜெபத்துக்கு கண்ணை மூடுறது... எங்க சித்தி வீட்ல மேஜைத்துணி வரைக்கும் போச்சு, நல்லவேளை பக்கத்துல தண்ணி சொம்பு இருந்துச்சு. பித்தளை தாம்பாளத்துல மணல் கொட்டி அதுல மெழுகுவத்தியை நட்டு, தழையை தட்டுக்கு வெளியில மட்டும் வைங்க. தழைக்கு சவுக்கே வேணாம், புன்னை இலை வைங்க, கெட்டியா மினுமினுன்னு வாரக்கணக்கா அப்படியே இருக்கும்.

மஞ்சக்குப்பம்_மச்சான் | நவம்பர் 22, மாலை 5.00

நான் பிரிமணையும் வாங்கல, வேலியில ஏறிக்கிடந்த சீந்தில் கொடியை உருவி நாலு சுத்து சுத்தி வளையமாக்கிட்டேன். செலவு பூஜ்யம். மேல சவுக்கு, முந்திரி இலை. மிளகாயும் வச்சேன், யார் என்ன சொன்னாலும்.

லாஸ்பேட்டைக்காரி | டிசம்பர் 15, இரவு 10.10

கட்டி மாட்டியாச்சு மக்களே. சனிக்கிழமை ராத்திரி பூரா தழை பக்கெட்ல, ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து உக்காந்தேன், 30 கத்தை போதல, 34 ஆச்சு, நான் கொஞ்சம் நெருக்கி கட்டிட்டேன் போல. கடைசி கத்தைக்கு என் பையன் தலையைத் தூக்கிப் பிடிச்சான், பிடிச்சுக்கிட்டே ஊசியை ஒவ்வொரு கணுவா ஒடிச்சு "எங்க ஒடிச்சேன் சொல்லு" விளையாட்டு. பூளைப்பூ, பட்டை, கொஞ்சம் மரிக்கொழுந்து. காப்பர் கம்பி காயில்கடை அண்ணன் சொன்ன மாதிரி சும்மாவே கிடைச்சுது. சிவப்பு மட்டும் ஒண்ணும் அமையல, கடைசியில பழைய பட்டு ரவிக்கை ஓரத்தைக் கிழிச்சு முடிச்சு போட்டேன்.

ஆயா வந்து பார்த்துச்சு. இந்த தடவை நானே முந்திக்கிட்டு "ஆயா இது கிறிஸ்துமஸுக்கு"ன்னேன். "அது தெரியுதுடி, பிரிமணையை எதுக்குடி கதவுல மாட்டிருக்க, பானை எங்க"ன்னு கேக்குது. இலைக்குள்ள இருக்கிற பிரிமணை அதுக்கு எப்படி தெரிஞ்சுதுன்னு எனக்கு இன்னும் புரியல. பின்பக்கம் திருப்பிப் பார்த்திருக்கும்.

ஓட்டி_அக்கா | டிசம்பர் 15, இரவு 10.34

34ஆ? இறுக்கி கட்டினா நல்லது தான். 22ஆம் தேதி வாக்குல கொட்ட ஆரம்பிக்கும், மேலால புதுசு சொருகிடுங்க, பழசை அவுக்காதீங்க.

மஞ்சக்குப்பம்_மச்சான் | ஜனவரி 9, காலை 9.45

மூணு ராஜாக்கள் திருநாள் முடிஞ்சுது, ரீத்தைக் கழட்டலாம்னு போனேன். சவுக்கு மொத்தமா கொட்டி மிளகாயும் கம்பியும் தான் தொங்குது, ஆனா அந்த சீந்தில் கொடி, வெட்டி ஒன்றரை மாசம் ஆகுது, மண்ணும் இல்ல தண்ணியும் இல்ல, மூணு இடத்துல துளிர் விட்டு ரெண்டு இலை விரிச்சிருக்கு, கீழ நூல் மாதிரி வேர் வேற இறங்குது. எங்கம்மா அதைத் தொடவே விட மாட்டேங்குறாங்க. இப்ப நான் என்ன பண்றது?

சவுக்குத்தோப்பு | ஜனவரி 9, காலை 10.02

சீந்தில் அப்படித்தான், லேசுல சாகாது. வளையத்தை அவுக்காம அப்படியே வேப்பமரத்துல மாட்டிவிடு தம்பி, அடுத்த டிசம்பருக்கு தானா கொடி வரும்.